கேஸ்ட்ரிக் என்று சொல்லியே கழிந்த ஐந்து மாதங்கள்

பினாங்கில் நம்மவர் வீடுகளில் தொப்புளுக்கு மேலே எங்கு வலித்தாலும் அதற்குக் கேஸ்ட்ரிக் என்றுதான் பெயர். காலையில் பசியாறாமல் வேலைக்குப் போனவருக்கும் கேஸ்ட்ரிக், நள்ளிரவில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவருக்கும் கேஸ்ட்ரிக், தேர்வுக்கு முதல்நாள் சோறு இறங்காத பிள்ளைக்கும் கேஸ்ட்ரிக். பெயர் கிடைத்துவிட்டால் அதன்பிறகு யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. வெள்ளை மருந்தைக் குலுக்கி இரண்டு கரண்டி கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். என் மகனுக்கு 11 வயது நடந்துகொண்டிருந்தபோது நானும் என் கணவரும் ஐந்து மாதங்கள் இதைத்தான் செய்தோம். ஐந்தாம் மாத முடிவில், அவனுடைய சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் இரத்தம் கசியும் புண் ஒன்று இருப்பது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு இத்தகைய புண் வருவது அரிது. ஆகவே, பிள்ளையின் ஒவ்வொரு வயிற்று வலிக்கும் பெற்றோர் நடுங்க வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை. கண்ணெதிரே இருந்த எவற்றையெல்லாம் நாங்கள் பாராமல் விட்டோம் என்பதை எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. திங்கட்கிழமை காலை வயிற்று வலிகளைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சபைகூடல் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை, தைலம் தடவி அரை மணி நேரம் படுக்க வைத்தால், ஓய்வு நேர மணி அடிக்கும்போது சிற்றுண்டிச் சாலை வரிசையில் முதல் ஆளாக நிற்பான். அந்த வலி பொய்யென்று சொல்லிவிட முடியாது. மனப்பதற்றத்தாலும் குடலின் கூருணர்வாலும் வரும் உண்மையான வலிதான் அது. ஆனால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் புண்ணோ நோயோ இருப்பதில்லை. இந்த அனுபவமே என்னை ஏமாற்றியது. என் மகன் வயிறு வலிக்கிறது என்றபோது நான் தாயாகப் பார்க்காமல் ஆசிரியையாகப் பார்த்தேன். கணிதப் பாடத்தைத் தவிர்க்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன்.

சாதாரண வலிக்கும் அவனுடைய வலிக்கும் வேறுபாடு இருந்ததைப் பின்னால்தான் கோத்துப் பார்த்தேன். பள்ளிக்குப் போக மனமில்லாத பிள்ளை தொப்புளைச் சுற்றிக் கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டும். இவனோ நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓரிடத்தில் இரண்டு விரல்களை ஊன்றிக் காட்டினான். சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் வலி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது.

அதை அவன் சொல்லவில்லை. பிஸ்கட் டின் சொல்லியது. சமையலறை அலமாரியில் கிரீம் கிராக்கர் போட்டு வைக்கும் சதுரத் தகர டின் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. மூடி இறுக்கமானது என்பதால் திறக்கும்போது டொக்கென்று ஒலிக்கும். இரவு ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் அந்த ஒலியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். காலையில் அவன் படுக்கை விரிப்பைத் தட்டினால் பிஸ்கட் தூள் உதிரும், எறும்பு வரிசை கட்டியிருக்கும். வளரும் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று ஒருநாள் மகிழ்ந்தேன், படுக்கையில் சாப்பிடுகிறான் என்று மறுநாள் திட்டினேன். வெறும் வயிற்றில் எரியும் வலி சிறிது சாப்பிட்டதும் அடங்குவது இந்த வகைப் புண்ணின் பழைய அடையாளங்களில் ஒன்று. எல்லாப் பிள்ளைகளிடமும் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்றாலும், வலியால் இரவில் விழிப்பு வருவதை எந்த வயதிலும் அலட்சியப்படுத்தக் கூடாது என்று பின்னர் மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டு தொடக்கத்தில் 34 கிலோ இருந்தவன் ஐந்து மாதத்தில் 32 கிலோவாகியிருந்தான். வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் உடற்தகுதிச் சோதனைக்காகக் கட்டம் கட்டமாக நிரப்புகிறவள் நான். என் பிள்ளையின் இடைவாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தபோது, உயரம் கூடுவதால் மெலிந்து தெரிகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவரிடம் காட்டாமல் இல்லை. வீட்டருகே ஒரு கிளினிக்குக்கு மூன்று முறை அழைத்துப் போனோம். மூன்று முறையும் எம்.எம்.டி. எனப்படும் அந்த வெள்ளை மருந்தும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்ற அறிவுரையும் கிடைத்தன. வெள்ளை மருந்து சுரந்துவிட்ட அமிலத்தைச் சற்று நேரம் சமன்செய்யும். அதனால் வலி குறையத்தான் செய்தது, குறைந்ததால் நாங்களும் நம்பினோம். கிளினிக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரவில் எழுந்திருப்பதை நான் அங்கே சொல்லவே இல்லை.

இதற்கிடையில் நானே ஒரு தவறு செய்தேன். மூன்றாம் மாதத்தில் பள்ளித் திடலில் பந்து விளையாடும்போது அவனுக்கு முட்டி பிசகியது. அதற்குக் கொடுத்த ஐபுப்ரோஃபென் மருந்து நன்றாகக் கேட்டது. மருந்து மிச்சமிருந்ததால் தலைவலிக்குக் கொடுத்தேன், காய்ச்சலுக்குக் கொடுத்தேன், கடைசியில் வயிற்று வலிக்கும் கொடுத்தேன். வலி மருந்து எல்லா வலிக்கும் பொது என்பதுதான் என் கணக்கு.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு வாரம் தண்ணீர்த் தடை. வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை எல்லோரும் சிக்கனமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். மகன் கழிவறையிலிருந்து வந்த பிறகு நான் உள்ளே போனபோது, சரியாக நீர் ஊற்றப்படாமல் கிடந்ததைப் பார்த்தேன். சாலை போடும் தார் போலக் கறுத்து, பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான நாற்றமாகவும் அது இல்லை. கேட்டபோது, நான்கைந்து நாளாக அப்படித்தான் போகிறது என்றான். பதினோரு வயதுப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு போய், விசையை அழுத்திவிட்டு வந்துவிடுகிறான். அவன் சொன்னாலொழிய எந்தத் தாய்க்கும் தெரியப்போவதில்லை. குழாயில் தண்ணீர் வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. மேல்வயிற்றில் கசியும் இரத்தம் அமிலத்தோடும் செரிமான நீர்களோடும் சேர்ந்து குடல் முழுவதும் பயணம் செய்து வெளியேறும்போது சிவப்பாக இருக்காது, கறுப்பாகத்தான் இருக்கும் என்பதை அன்றுவரை நான் அறியேன். அன்று மின்தூக்கியும் பழுதாகியிருந்தது. நான்கு மாடி இறங்கும்போது அவன் இரண்டு இடங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் உரித்த பூண்டைப் போல வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. அந்த வயதில் அது 11.5க்குக் குறையக் கூடாது. சிறப்பு மருத்துவர் வந்ததும் என்னிடம் கேட்ட கேள்விகள் இன்றும் வரிசையாக நினைவில் இருக்கின்றன.

“டீச்சர், வலியால் இவன் எப்போதாவது தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறானா? எடை குறைந்திருக்கிறதா? வாந்தி எடுத்தானா, அதில் இரத்தமோ காப்பித் தூள் போன்ற திப்பியோ இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது அல்சர் வந்திருக்கிறதா? வலிக்கும் காய்ச்சலுக்கும் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள்? கடையில் நீங்களே வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.”

வாந்தியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. என் மாமனார் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அல்சர் முற்றி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஐந்து மாதத்தில் யாரும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கவில்லை என்று குறைப்படலாம்தான். ஆனால் பதில்கள் எல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்தன.

அவனுடைய நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்ததால் இரத்தம் ஏற்றவில்லை. அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி செய்தார்கள். முடிந்ததும் மருத்துவர் படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பான குடற்சுவரில் மைசூர்ப் பருப்பு அளவுக்கு ஒரு பள்ளம். அடியில் வெண்மை படிந்து, ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. இரைப்பையின் உட்சுவரிலிருந்து கிள்ளி எடுத்த கடுகளவு துணுக்கு ஒன்றை மஞ்சள் நிறக் கூழ் வைத்த ஒரு சிறு சதுரத்தில் பதித்திருந்தார்கள். தாதி அதை மேசையோரம் வைத்துவிட்டுப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் துணுக்கைச் சுற்றி மட்டும் ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தது. சிறிது சிறிதாக அது பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் முழுவதும் செம்பருத்திச் சாறு ஊற்றியதுபோல ஆகிவிட்டது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்பதற்கு அந்த நிறமாற்றமே சான்று. கூழில் கலந்திருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும் நொதி ஒன்று அந்தக் கிருமியிடம் உண்டு. அம்மோனியா காரத்தன்மை உடையதால் கூழிலுள்ள சாயம் நிறம் மாறுகிறது. வயிற்றுக்குள்ளும் அதே அம்மோனியாவைத் தன்னைச் சுற்றிப் போர்வையாகப் போர்த்திக்கொண்டுதான் அது அமிலத்தில் சாகாமல் தப்பிக்கிறது.

அமிலத்தைப் பற்றி மருத்துவர் சொன்னது என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. அமிலச் சுரப்பு நோயே இல்லை. பிறந்த குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவாக இருந்து, எடைக்கு ஏற்ற அளவில் மூன்று வயதுக்குள் பெரியவர்களை எட்டிவிடுகிறது. கிருமிகளைக் கொல்லவும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினை முடுக்கிவிடவும் அது வேண்டும். உணவைக் கண்டாலும் முகர்ந்தாலும் மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை போகிறது. உணவு உள்ளே போனதும் கேஸ்ட்ரின் என்ற இயக்குநீரும் ஹிஸ்டமினும் அந்தக் கட்டளையைப் பெருக்குகின்றன. இறுதியில் புரோட்டான் பம்ப் எனப்படும் நுண்ணிய இறைப்பிகள் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. இவ்வளவு கடுமையான திரவம் இரைப்பையையே அரித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் படிந்திருக்கும் சளிப்படலமும் அதில் ஊறும் பைகார்பனேட்டும்தான். படலத்தின் மேற்பக்கம் கடும் அமிலமாக இருக்க, சுவரை ஒட்டிய பக்கம் ஏறக்குறைய நடுநிலையாக இருக்கிறது. அந்தக் காவல் சிதையும் இடத்தில்தான் புண் தோன்றுகிறது. என் மகனுக்கு இரண்டு பக்கத்திலும் அடி விழுந்திருந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறிய கிருமி கேஸ்ட்ரினைத் தூண்டிவிட்டு அமிலத்தைக் கூட்டியது. நான் கொடுத்த ஐபுப்ரோஃபென், சளிப்படலத்தைப் பேணும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துக் காவலைக் குறைத்தது. சாப்பிட்ட பிறகு கொடுத்தால் தீங்கில்லை என்று நாம் நினைப்பதும் முழுச் சரியில்லை. அந்த மருந்து இரத்தத்தில் கலந்தே இந்த வேலையைச் செய்வதால், ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகூட வயிற்றைப் பாதிக்கக் கூடும்.

“நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமாம்மா?” என்றார் என் மாமியார், படுக்கையருகே உட்கார்ந்து. “மிளகாய் போட்ட மீயைத் தின்னாதேன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன்.”

அத்தையைக் குறை சொல்ல முடியாது. மருத்துவ உலகமே நெடுங்காலம் காரத்தையும் கவலையையும்தான் காரணமாகச் சொல்லிவந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்துக் காட்டிய பிறகும் பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகப் படுத்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. காரம் ஆறாத புண்ணை எரியச் செய்யும், ஆனால் புண்ணை உண்டாக்குவது அதுவன்று. பால் குடித்தால் புண் ஆறும் என்ற பழைய வைத்தியமும் அப்படியே: குடித்த சற்று நேரத்துக்கு இதமாக இருக்கும், பிறகு பாலிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தை மேலும் சுரக்கச் செய்யும்.

மலேசியத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றை மருத்துவர் அப்போது சொன்னார். இந்நாட்டில் நடந்த ஆய்வுகளில் இக்கிருமி மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவாகவும் சீனர்களிடமும் இந்தியர்களிடமும் அதிகமாகவும் காணப்படுகிறது. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் உலகிலேயே குறைந்த அளவுகளில் ஒன்று பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே, குடும்பத்துக்குள்ளேயே, வாய்வழியாகத் தொற்றுவது இது. அதே சமயம், இரைப்பைப் புற்றுநோய் இந்தியர்களைவிடச் சீனர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், கிருமி இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டியதில்லை. தொற்று உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. ஆகவேதான், வெறும் வயிற்று வலிக்காகப் பிள்ளைகளிடம் இக்கிருமியைத் தேடிப் பரிசோதிக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. புண்ணைக் கண்டால் கிருமியை ஒழிக்க வேண்டும்.

சிகிச்சை 14 நாட்கள். காலையும் மாலையும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோலோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள். எந்த இரண்டைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் முன், முந்தைய ஆண்டுகளில் இருமலுக்கு என்னென்ன குடித்தான் என்று மருத்துவர் கேட்டார். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் பலமுறை கொடுத்திருந்தோம். அந்த வகை மருந்துகளுக்குக் கிருமி பழகியிருக்கக் கூடும் என்பதால் அமாக்சிசிலினையும் மெட்ரோனிடசோலையும் தேர்ந்தெடுத்தார். மருந்துச் சீட்டுகளையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு வைக்கும் பழக்கம் என் கணவருக்கு உண்டு. நான் கேலி செய்துவந்த அந்தக் கோப்புதான் அன்று உதவியது.

இதிலும் தொடக்கத்தில் சறுக்கினேன். அவனுக்குக் கேப்சூல் விழுங்க வராது. முதல் இரண்டு நாள் ஓமெப்ரசோலைப் பிரித்து, உள்ளிருந்த மணிகளைக் கரண்டியால் நசுக்கி, வெதுவெதுப்பான பாலில் கலக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மருந்தகத்தில் சொன்னபோது மருந்தாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அமிலத்தில் கெட்டுப்போகும் மருந்து என்பதால்தான் ஒவ்வொரு மணிக்கும் மேலே பூச்சு இருக்கிறது. நசுக்கினாலும் பாலில் ஊறவைத்தாலும் பூச்சு போய்விடும். மணிகளை நசுக்காமல் ஒரு கரண்டி தயிரில் தூவி, மெல்லாமல் விழுங்கச் செய்து, அரை மணி நேரம் கழித்துப் பசியாறக் கொடுக்க வேண்டும். உணவால் இறைப்பிகள் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். ஏழரை மணிப் பள்ளிக்கு நாங்கள் ஐந்தே முக்காலுக்கு எழத் தொடங்கினோம். மெட்ரோனிடசோல் துருப்பிடித்த ஆணியை நக்குவதுபோல இருக்கிறது என்று அவன் அழுதான். ஐந்தாம் நாளோடு வலி போய்விட்டதால் நிறுத்திவிடலாமே என்று அத்தை சொன்னார். வலி போனதற்குக் காரணம் அமிலம் குறைந்தது. கிருமி மிச்சமிருந்தால் புண் பெரும்பாலும் திரும்ப வரும். ஐஸ் பெட்டிக் கதவில் 28 கட்டங்கள் வரைந்து ஒவ்வொரு வேளைக்கும் அவனையே கோடு போட வைத்தேன். இரும்புச் சத்து மருந்து தொடங்கியதும் மலம் மறுபடியும் கறுத்தது. அது மருந்தின் நிறம், தார்போல ஒட்டாது, நாற்றமும் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் அன்று எனக்குக் கை நடுங்கியது.

கிருமி ஒழிந்ததா என்பதை உறுதிப்படுத்தாமல் சிகிச்சை முடிவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லிகளை நிறுத்தி நான்கு வாரமும் ஓமெப்ரசோலை நிறுத்தி இரண்டு வாரமும் ஆன பிறகு மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். முன்னதாகச் செய்தால் கிருமி பதுங்கியிருந்து, இல்லை என்று தவறாகக் காட்டும். யூரியா கரைத்த நீரைக் குடித்துவிட்டு ஒரு பையில் ஊதுவதுதான் வேலை. கிருமி இல்லை என்று வந்தது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.2 ஆனது. பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சலோடு வாழ்ந்த என் கணவருக்கும் சோதித்ததில் கிருமி இருந்தது. அவரும் சிகிச்சை எடுத்துக்கொண்டார். தொந்தரவு ஏதுமில்லாத ஏழு வயது மகளைச் சோதிக்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர்.

வீட்டு மருந்துப் பெட்டியில் இப்போது காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான் இருக்கிறது. டிங்கி பரவும் ஊரில், காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபெனோ மெஃபெனாமிக் அமிலம் என்ற வலி மருந்தோ கொடுப்பது எப்படியும் ஆபத்து. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மகனின் பள்ளி மருத்துவப் படிவத்திலும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் மகள் வயிறு வலிக்கிறது என்றாள். அத்தை வழக்கம்போல, “கேஸ்ட்ரிக்கா இருக்கும், பசியாறச் சொல்லு” என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். தொப்புளைச் சுற்றிக் கையைச் சுழற்றினாள். இரவு நன்றாகத் தூங்குகிறாள், எடை குறையவில்லை, மலத்தின் நிறத்தையும் அவள் வெட்கத்தோடு சொல்லிவிட்டாள். இருந்தாலும் ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்து வந்தேன். மாத முடிவில் மூன்று புள்ளிகள் இருந்தன. மூன்றும் சொல்வதெழுதுதல் நடக்கும் நாட்கள்.